குதிரைச் சக்தியும் கையுணர்வும்

தெருவில் குதிரையைக் காண்பது அபூர்வமாகி எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. ஆயினும் மோட்டார் விற்கும் கடைக்குள் நுழைந்தால் முதலில் நம் காதில் விழுவது குதிரையின் பெயர்தான். "இது நூற்றிருபது குதிரை, அது நூற்றைம்பது குதிரை" என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போகிறார். வாங்க வந்த குடும்பஸ்தரும், கூட வந்த பிள்ளையாண்டானும், அதிகக் குதிரை பூட்டிய வண்டியே உயர்ந்த வண்டி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் சவரன் கணக்கை மட்டும் விசாரித்துவிட்டு, பெண்ணைப் பார்க்காமலே திரும்பி வருவது போல் இருக்கிறது இது!

இதற்கு நேர் விரோதமான கட்சியும் ஒன்று உண்டு. முப்பது நாற்பது வருஷம் வண்டி ஓட்டிப் பழுத்த டிரைவர்கள் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள். "குதிரையைக் கொண்டுபோய்க் கொட்டிலில் கட்டுங்கள், ஐயா! வண்டி கையோடு பேச வேண்டும். வளைவில் என்ன செய்யப் போகிறது என்பதை முன்கூட்டியே நமக்குச் சொல்ல வேண்டும். அதுதான் வண்டி!" என்பது அவர்கள் சித்தாந்தம். குடும்பத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு, அதே சமயம் ஓட்டுகிறவருக்குப் பந்தய உற்சாகத்தையும் ஊட்ட வேண்டுமென்று செய்யப்படும் 'ஸ்போர்ட் செடான்' வகை வண்டிகளைக் குறித்து இவ்விரு கட்சியாருக்கும் நடக்கும் வழக்கு முடிந்தபாடில்லை.

இந்த வழக்கை விசாரிக்க நாம் ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ கப்பலேற வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. ரோடில் முப்பது கிலோமீட்டர் போனால் போதும். வண்டலூர், மறைமலை நகர், அதற்கும் அப்பால் மகேந்திரா சிட்டி ஆகிய மூன்று இடங்களில், மூன்று காலங்களில் எழுந்த மூன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நமக்குச் சாட்சிகள். முதலாவது மூடிப் போயிற்று. இரண்டாவதில் கார் செய்வது நின்றுவிட்டது. மூன்றாவது நடந்து வருகிறது. மூன்றின் வாக்குமூலங்களையும் கேட்டால் உண்மை விளங்கும். வீட்டுக்கு வீடு அடகும் தவணையுமாகக் கார் வாங்கும் இந்நாளில், இது வெறும் பொழுதுபோக்கு விவாதம் அல்ல. பணத்தையும் உயிரையும் தொட்ட விஷயமாகும்.

குதிரையின் கணக்கு

சாட்சிகளைக் கூப்பிடுமுன், குதிரைச் சக்தி என்பது யாது என்று நிச்சயித்துக்கொள்வோம்.

நீராவி யந்திரத்தைச் சீர்படுத்திய ஜேம்ஸ் வாட், தம்முடைய யந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 33,000 ராத்தல் எடையை ஒரு நிமிஷத்தில் ஓரடி உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைச் சக்தி என்று அவர் வரையறுத்தார். ஆகவே, குதிரைச் சக்தி பிறந்ததே வியாபாரத்துக்காகத்தான். இன்றைக்கும் அது வியாபாரிக்கு வெகு நன்றாக உழைக்கிறது. ஐரோப்பாவில் வழங்கும் கணக்கு இன்னும் எளிது: 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு குதிரை.

இந்த இரண்டாவது கணக்கை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன்களும் போடக்கூடிய ஒரு மனக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை டன் எடையுள்ள ஒரு செடான் சமதரையில், நல்ல சாலையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகச் செல்கிறது. டயர்கள் உருள்வதால் உண்டாகும் தடை சுமார் 18 கிலோ. காற்றை விலக்கிச் செல்வதற்குச் சுமார் 11 கிலோ. ஆக மொத்தம் 29 கிலோ. வண்டி வினாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. இரண்டையும் பெருக்கி 75-ஆல் வகுத்தால் வருவது எவ்வளவு? ஆறரைக் குதிரை!

வேகத்தை மணிக்கு 100 கிலோமீட்டராக உயர்த்துவோம். உருளும் தடை அநேகமாக அப்படியே இருக்கும். காற்றின் தடை மட்டும் சுமார் 31 கிலோவாக ஏறிவிடும். அப்போதும் கணக்கு 18 குதிரைக்கு மேல் போகவில்லை. பல்சக்கரங்களில் வீணாவதையும் சேர்த்துக்கொண்டால் இருபதைச் சற்றே தாண்டலாம். பெருங்களத்தூரிலிருந்து செங்கற்பட்டு வரையில் நூற்றைம்பது குதிரை வண்டியில் சீராகச் செல்லும் ஒருவர், நூற்று முப்பது குதிரைகளைத் தீனி போட்டு வெறுமனே கட்டி வைத்திருக்கிறார் என்பதே இதன் அர்த்தம்.

அப்படியானால் மிச்சக் குதிரைகள் தண்டமா? அல்ல. நின்ற வண்டி வேகம் எடுக்கும்போதும், மேடு ஏறும்போதும், லாரியைத் தாண்டும்போதும் அவை வேண்டும். லாரிக்குப் பக்கத்தில் எதிர்வரிசையில் நாம் இருக்கும் வினாடிகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவுக்கு க்ஷேமம். ஆனால், அவை சில வினாடிகளுக்கு மட்டும் வேண்டிய விருந்தாளிகள். பிரயாணம் முழுவதும் நம்முடன் இருப்பவை ஸ்டீயரிங், பிரேக், ஸ்பிரிங், டயர் ஆகிய நான்குமே. இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கை அறிவது என்ன?

மாட்டு வண்டி ஓட்டுகிறவன் மூக்கணாங்கயிற்றைக் கையில் வைத்திருக்கிறான். மாடு மிரளப் போகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் அவன் கை அறிந்துவிடுகிறது. பட்டம் விடுகிற பையனுக்கு மேலே வீசும் காற்றின் போக்கு நூலின் மூலமாகத் தெரிகிறது. மோட்டாரில் கையுணர்வு என்பதும் இதுவேதான்.

முன் சக்கரங்களைத் திருப்பினால், அவை மீண்டும் நேராக வரவே பிரயத்தனப்படும் வகையில் வண்டியை அமைத்திருக்கிறார்கள். அந்தப் பிரயத்தனமே ஓட்டுகிறவர் கையில் பாரமாகத் தெரிகிறது. வளைவில் வேகம் கூடக் கூட அந்தப் பாரமும் கூடும். டயர் தரையைப் பிடித்திருக்கும் எல்லை நெருங்கும்போது ஓர் அதிசயம் நடக்கிறது. பிடி அறுந்து போவதற்குச் சற்று முன்னதாகவே, கையிலுள்ள பாரம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிறது. "இனிமேல் தாங்காது, வேகத்தைக் குறை" என்று சக்கரம் சொல்லும் செய்தி அது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும்போதும் இவ்வாறே ஸ்டீயரிங் திடீரென்று கனமற்றுப் போகிறது.

இந்தச் செய்தியைத் தெளிவாகக் கைக்குக் கொண்டு வரும் வண்டியும் உண்டு. வழியிலேயே விழுங்கிவிடும் வண்டியும் உண்டு. ஆகவே கையுணர்வு என்பது பணக்காரர்களின் ரஸனை மட்டும் அல்ல. அபாயம் வருமுன் அடிக்கும் மணி அது.

முதல் சாட்சி: வண்டலூர்

1948-ஆம் வருஷத்தில் சென்னை யூனியன் கம்பெனியாரும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியாரும் கூட்டுச் சேர்ந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். வண்டலூரில் எழுந்த அதன் தொழிற்சாலையிலிருந்து வான்கார்டு, எய்ட், டென் முதலிய வண்டிகள் வந்தன. 1961-இல் வந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் என்ற பெயரோடு பிறந்த வண்டி. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அழகிய உருவம். யந்திரமோ 948 கன சென்டிமீட்டர். சக்தி சுமார் 35 குதிரை. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஏறக்குறைய அரை நிமிஷம் பிடிக்கும். அதற்குள் ஒரு வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டுவிடலாம்!

ஆயினும் அதை ஓட்டியவர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். காரணம் என்ன? அந்நாளில் நம் நாட்டில் ஓடிய அம்பாஸடருக்கும் பியட்டுக்கும் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே திடமான அச்சில் பூட்டியிருந்தன. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் ஆடும். ஹெரால்டிலோ நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும். எடை சுமார் 800 கிலோ மாத்திரமே. பற்சட்டமும் சிறு பல்சக்கரமும் நேராகக் கவ்விக்கொள்ளும் ஸ்டீயரிங். அதில் செய்தி நழுவிப் போக இடமில்லை. வண்டி முழு வட்டம் திரும்புவதற்கு 25 அடி அகலமே போதும். குரோம்பேட்டைச் சந்துகளில் மற்ற வண்டிகள் முன்னும் பின்னுமாகத் திண்டாடும் இடத்தில் ஹெரால்டு ஒரே மூச்சில் திரும்பிவிடும். 1960-களின் கடைசியில், இங்கிலாந்திலேயே செய்யப்படாத நான்கு கதவு ஹெரால்டையும் நம் வண்டலூர்க்காரர்கள் செய்தார்கள் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி.

எனினும் உண்மையை மறைக்கலாகாது. ஹெரால்டின் பின்சக்கர அமைப்பில் ஒரு தோஷம் இருந்தது. வளைவில் வேகமாகப் போகும்போது ஓட்டுகிறவர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், வண்டியின் பின்பாகம் எழும்பி, பின் சக்கரங்கள் உட்புறமாக மடங்கிப் பிடி இழக்கக் கூடும். கையோடு நன்றாகப் பேசுகிற வண்டியும் எல்லா வேளையிலும் நல்ல வார்த்தையே சொல்லிக்கொண்டிராது! 1972-இல் வந்த அதன் வாரிசான கெஸலில் பின் அச்சைத் திட அச்சாக மாற்றிவிட்டார்கள்.

முதல் சாட்சி சொல்வது இது: குதிரை குறைவாயிருந்தும் வண்டி இன்பம் தரலாம். ஆனால் கையுணர்வோடு, தடுமாறாத உடற்கட்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

அதே வண்டலூரின் மறுவாக்குமூலம்

கெஸல் 1970-களின் பின்பாதியில் நின்றுபோயிற்று. பிறகு சில வருஷங்கள் வண்டலூரிலிருந்து கார் வரவில்லை. 1985-இல், வண்டலூர் மிருகக்காட்சிசாலை திறந்த அதே வருஷத்தில், ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய வண்டி வெளிவந்தது. அதைக் கண்டவர்கள் பிரமித்தார்கள். பிரமிக்காமல் என்ன செய்வார்கள்? அதன் உடல் இங்கிலாந்தின் பிரசித்தி பெற்ற ரோவர் வண்டியின் உடல். 1976-இல் வெளிவந்து, அடுத்த வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டத்தைத் தட்டிக்கொண்டு போன வண்டி அது. ரோவரில் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர், 155 குதிரை.

வண்டலூரில் அந்த உடலுக்குள் வைத்ததோ, பழைய வான்கார்டு பரம்பரையைச் சேர்ந்த 1991 கன சென்டிமீட்டர் யந்திரம். சக்தி சுமார் 83 குதிரை. அந்தப் பரம்பரையின் சரித்திரம் வெகு ரஸமானது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பெர்கூஸன் டிராக்டரில் ஏர் இழுத்ததும் அந்தக் குடும்பத்து யந்திரமே; 1953-இல் டிரையம்ப் டி.ஆர். 2 என்ற பந்தய வண்டியில் மணிக்கு 100 மைலைத் தாண்டி ஓடியதும் அந்தக் குடும்பத்து யந்திரமே. டி.ஆர். 2-இல் அதற்கு 90 குதிரைச் சக்தி. ஆனால் அந்த வண்டி ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. ஸ்டாண்டர்ட் 2000 சுமார் 1.3 டன்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. குதிரைகளைத் தனியாக எண்ணினால் பயனில்லை. ஒவ்வொரு டன்னுக்கும் எத்தனை குதிரை என்று எண்ண வேண்டும். டி.ஆர். 2-க்கு டன்னுக்கு ஏறக்குறைய நூறு குதிரை கிடைத்தது. ஸ்டாண்டர்ட் 2000-க்குக் கிடைத்தது சுமார் 64. அப்போது இரண்டு வருஷக் குழந்தையாக இருந்த மாருதி 800-க்கும் ஏறக்குறைய அதே விகிதந்தான்! இரண்டு லிட்டர் வண்டி வாங்கிய கனவான், 796 கன சென்டிமீட்டர் வண்டிக்கு இணையாக ஓடுவதற்கா அவ்வளவு விலை கொடுத்தார்? போதாததற்கு, பெட்ரோல் குடிப்பதிலும் அது பெயர் எடுத்துவிட்டது. ஸ்டாண்டர்ட் 2000-ஐ மாத்திரம் சொல்வானேன்? 1984-இல் வந்த ஹிந்துஸ்தான் கான்டெஸாவுக்குள்ளும் முதலில் இருந்தது அம்பாஸடரின் ஐம்பது குதிரை யந்திரமே. யானை உடலும் பூனைக் கால்களுமாக வண்டிகள் உலவிய காலம் அது.

முடிவு வருந்தத்தக்கது. 1988-இல் வண்டலூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது. அதை நம்பியிருந்த குடும்பங்கள் கலங்கின. 2006-இல் கம்பெனியின் சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தன. விற்காமல் கிடந்த ரோவர் உதிரி பாகங்களை இங்கிலாந்து வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கித் தம் ஊருக்கே கொண்டு போனார். கடல் கடந்து வந்த உடல் கடல் கடந்தே திரும்பிற்று!

"குதிரை எதற்கு?" என்று கேட்கும் பழுத்த டிரைவர்கள் இந்த வாக்குமூலத்தைக் கவனிக்க வேண்டும். உருவமும் சொகுசும் எவ்வளவு இருந்தாலும், உடலுக்குத் தக்க சக்தி இல்லாவிட்டால் அந்த வண்டி நிலைக்காது.

இரண்டாவது சாட்சி: மறைமலை நகர்

வண்டலூரிலிருந்து தெற்கே சென்றால், கூடுவாஞ்சேரியைத் தாண்டி மறைமலை நகர். அங்கே போர்டு கம்பெனியார், முதலில் மகேந்திராவோடு கூட்டுச் சேர்ந்து, 1990-களில் தொழிற்சாலை அமைத்தார்கள். எஸ்கார்ட் என்ற வண்டிக்குப் பிறகு, 1999-இல் ஐகான் வந்தது. இந்தியாவையும் இந்தியாவைப் போன்ற தேசங்களையும் மனத்தில் கொண்டு, பியஸ்டா என்ற சிறு வண்டியின் அஸ்திவாரத்தின்மேல் கட்டிய செடான் இது.

அதே சமயத்தில் நாட்டில் வேறு இரண்டு செடான்களும் போட்டிக்கு நின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கம்பெனியார் செய்த ஆக்ஸெண்ட் ஒன்று. வடக்கேயிருந்து வந்த ஹோண்டா சிட்டி மற்றொன்று. 1.6 லிட்டர் ஐகானுக்கும் ஒன்றரை லிட்டர் ஆக்ஸெண்டுக்கும் குதிரைச் சக்தி தொண்ணூறுக்குச் சற்று மேல், அநேகமாகச் சமம். சிட்டியின் வி.டெக் யந்திரத்துக்கோ 106. காகிதத்தில் பார்த்தால் சிட்டிக்கே வெற்றி. நேர்ச் சாலையிலும் அதற்கே வெற்றி.

ஆனால் வளைவுகளில் ஐகானின் பெயரே ஓங்கி நின்றது. ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் முன்பாகம் தயங்காமல் திரும்பும். எவ்வளவு திருப்பினோமோ அவ்வளவே திரும்பும். பள்ளம் மேடுகளில் உடல் அலையாது. ஆக்ஸெண்டோ கைக்கு லேசாகவும் ஆசனத்துக்கு மெத்தென்றும் இருந்தது. பின்னால் அமர்கிறவர்கள் ஆக்ஸெண்டைப் புகழ, முன்னால் அமர்ந்து ஓட்டுகிறவர்கள் ஐகானைப் புகழ்ந்தார்கள். ஒரே அளவு குதிரைகள். இரண்டு வெவ்வேறு சுபாவங்கள்! குதிரை எண்ணிக்கை வண்டியின் குணத்தைச் சொல்லாது என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா?

ஐகானின் எடை ஒரு டன்னுக்குச் சற்றே மேல். டன்னுக்குச் சுமார் எண்பத்தைந்து, தொண்ணூறு குதிரை. அந்த அளவுக்கு மேல் அதற்குத் தேவைப்படவும் இல்லை. பின்னால் அதே தொழிற்சாலையில் பியஸ்டா செடானும் வேறு வண்டிகளும் வந்தன. 2021 செப்டம்பரில் போர்டு கம்பெனியார் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். 2022-இல் மறைமலை நகரில் வண்டிகள் வருவது நின்றது. மூடியதற்கு வியாபாரக் காரணங்கள் பல. வண்டியின் ஓட்டம் அவற்றில் ஒன்று அன்று. ஏற்றுமதிக்காகத் தொழிற்சாலையை மீண்டும் உபயோகிக்கும் எண்ணத்தை 2024-இல் அவர்கள் தமிழ்நாட்டு அரசாங்கத்தாரிடம் தெரிவித்தார்கள்.

மூன்றாவது சாட்சி: மகேந்திரா சிட்டி

இன்னும் தெற்கே, செங்கற்பட்டுக்கு முன்னால், ரயிலில் போகிறவர்களுக்குப் பரனூர் ஸ்டேஷனிலிருந்தே தெரியும் இடம் மகேந்திரா சிட்டி. 2007-இல் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் அங்கே வண்டிகளைப் பூட்டிச் சேர்க்கும் தொழிற்சாலையைத் திறந்தார்கள். ஸ்போர்ட் செடான் என்றாலே உலகம் உதாரணமாகச் சொல்லும் 'மூன்றாம் வரிசை' வண்டி அங்கே உருவாகத் தொடங்கியது.

இந்த வண்டியின் கீர்த்திக்குக் காரணம் குதிரை மட்டும் அல்ல. எடையில் ஏறக்குறையப் பாதி முன் சக்கரங்களின்மேலும் பாதி பின் சக்கரங்களின்மேலும் விழும்படி அமைத்திருக்கிறார்கள். யந்திரத்தின் சக்தி பின் சக்கரங்களுக்கே போகிறது. ஆகவே முன் சக்கரங்களுக்குத் திரும்புவது ஒன்றே பிரதான வேலை; இழுக்கும் வேலை இல்லை. இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்யாத வேலைக்காரன் ஒரு எஜமானனுக்கு ஒழுங்காகச் செய்வான் அல்லவா? 2007-இல் இங்கே உருவான வண்டிகளில் ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் அழுத்தத்தின் உதவி இருந்தது. அந்த ஸ்டீயரிங் கைக்குக் கனந்தான். ஆனால் சாலையின் ஒவ்வொரு சொல்லும் அதன் வழியே வந்தது.

2012-இல் வந்த அடுத்த தலைமுறையில் எண்ணெய் போய் மின்சார மோட்டார் உதவிக்கு வந்தது. எண்ணெயைத் தள்ளும் பம்பு, திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் யந்திரத்தின் சக்தியைத் தின்றுகொண்டிருக்கும். மின்சார மோட்டாரோ திரும்பும்போது மட்டும் மின்சாரம் கேட்கும். பெட்ரோல் மிச்சம். ஆனால், பழைய வண்டியை ஓட்டிப் பழகியவர்கள், "செய்தி குறைந்துவிட்டதே!" என்று முறையிட்டார்கள்.

குதிரைகளோ பெருகிக்கொண்டே போயின. 2021-இல் இதே தொழிற்சாலையிலிருந்து எம் 340 ஐ என்ற வண்டி வந்தது. ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர், 387 குதிரை. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.4 வினாடி. சக்தி பின் சக்கரங்களோடு நில்லாமல் நான்கு சக்கரங்களுக்கும் பங்கிடப்படுகிறது. அவ்வளவு குதிரைகளை இரண்டு சக்கரங்களால் எல்லா வேளையிலும் அடக்குவது சிரமம். டன்னுக்குச் சுமார் 220 குதிரை. வண்டலூர் ஹெரால்டுக்கு டன்னுக்கு நாற்பத்துச் சொச்சம் இருந்ததை வாசகர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். அது அபாரமான வண்டி என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அதன் முழு வலிமையை ஜி.எஸ்.டி. ரோடில் ஐந்து வினாடிக்கு மேல் அனுபவித்தால் சட்டத்தை மீறியவர்களாவோம். அதற்கும் மேலே போனால் பிறருக்கு யமனாவோம்.

மின்சார வண்டிகள் வந்த பிறகு குதிரைக் கணக்கே தலைகீழாகிவிட்டது. 2024-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த சீனத்து பி.ஒய்.டி. சீல் என்ற செடானின் உயர்ந்த ரகத்துக்கு 530 குதிரை. எடையும் இரண்டு டன்னுக்கு மேல். மின்சார மோட்டாருக்குக் குதிரையைக் கூட்டுவது பழைய யந்திரத்துக்குக் கூட்டியது போல் அவ்வளவு கஷ்டமான காரியம் அன்று. எல்லாரிடமும் மலிவாகக் கிடைக்கும் பொருளைக் கொண்டு உயர்வு தாழ்வு சொல்ல முடியுமா? இனி வண்டிக்கு வண்டி வித்தியாசம் தெரியப் போவது கையுணர்வினால்தான் என்பது நம் அபிப்பிராயம்.

பந்தயப் பள்ளிக்கூடம்

"பந்தயத்திலாவது குதிரைதானே ஜெயிக்கிறது?" என்று கேட்கலாம். அதற்கும் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1990 முதல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தாரின் பந்தயப் பாதை இருக்கிறது. நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. அதற்கு முன்னால் இக்கழகத்தார் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தி வந்தார்கள்.

கோயமுத்தூர்க்காரரான கரிவர்த்தன் என்பவர், மாருதி 800-இன் சிறிய யந்திரத்தை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தய வண்டிகளைச் செய்தார். 'பார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். வீட்டுக் காரின் சக்தியைத் தாண்டாத இந்தச் சிறு வண்டியில், ஸ்ரீபெரும்புதூர்ப் பாதையில் பந்தயம் தொடங்கிய ஒரு கோயமுத்தூர் இளைஞர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-இல் உலகத்தின் உச்சப் பந்தயமான பார்முலா ஒன்றில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர். சக்தி குறைந்த வண்டியில் வேகத்தை இழந்தால் மீண்டும் பெறுவது கடினம். ஆகவே வளைவில் ஒரு துளி வேகத்தையும் வீணாக்காமல், டயரின் எல்லையைக் கையால் உணர்ந்து ஓட்டப் பழக வேண்டும். அதிகக் குதிரையோடு கற்கத் தொடங்குகிறவன் தன் பிழைகளைக் குதிரையைக் கொண்டு மூடிவிடுகிறான். பிழை மட்டும் அப்படியே இருந்துவிடுகிறது.

கார் வாங்கும் குடும்பங்களுக்கு

தீர்ப்பு சொல்ல வேண்டிய கட்டம் வந்துவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது கையுணர்வு. பிறகு பார்க்க வேண்டியது உடலுக்குத் தக்க குதிரை. நம் சாலைகளுக்கு டன்னுக்கு எண்பதிலிருந்து நூறு குதிரை தாராளமாகப் போதும். அறுபதுக்குக் கீழே போனால் லாரியைத் தாண்டும்போது மனம் திக்கென்கும். நூற்றைம்பதுக்கு மேல் போனால் அது வீட்டிலுள்ள இளைஞனுக்கு நாமே கொடுக்கும் சோதனை. விற்பனையாளர் சொல்லும் குதிரை எண்ணை வண்டியின் எடையால் வகுக்க ஒரு நிமிஷங்கூட ஆகாது.

கையுணர்வை அளக்க மீட்டர் இல்லை. ஆனால் பரீட்சை உண்டு. கடைக்காரர் காட்டும் வழவழப்பான சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. சேலையூர்ச் சந்து ஒன்றில் நுழைந்து திருப்பிப் பாருங்கள். முடிச்சூர் ரோடு போன்ற சாலையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மெதுவாகப் பள்ளத்தில் இறக்கி, வண்டி எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்று கவனியுங்கள். ஓர் ஆட்டத்தில் அடங்குவது உத்தமம். வளைவு முடிந்ததும் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகவே நேருக்கு வருகிறதா என்று பாருங்கள். வளைவில் கையின் பாரம் படிப்படியாகக் கூடுகிறதா, அல்லது கஞ்சியைக் கிளறுவது போல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதா? ஆளில்லாத இடத்தில் பிரேக்கை மெல்ல அழுத்தி, கால் அழுத்திய அளவுக்கே வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, மூன்றாவது கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 80 வரையில் கொண்டுபோய்ப் பாருங்கள். குதிரைக்கு வைக்கும் பரீட்சை அது ஒன்றே.

இந்தப் பரீட்சைகளில் தேறிய வண்டி நாற்பது குதிரையேனும் நானூறு குதிரையேனும் நல்ல வண்டியே. தேறாத வண்டிக்கு எத்தனை குதிரை பூட்டினாலும், கடிவாளம் அறுந்த பிறகு சவாரி செய்கிறவன் கதிதான் ஓட்டுகிறவருக்கு. குதிரைகளை எண்ணுவதற்கு முன்னால் கடிவாளத்தை இழுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.